மருந்துச் சிட்டையும் முதியோர் உரிமையும்

நோயாளிக்கு மருந்து கொடுப்பது அரசின் கடமை என்பதை இந்நாட்டில் எக்கட்சியினரும் மறுத்தாரில்லை. அரச வைத்தியசாலையிற் பணமின்றி மருந்து பெறும் உரிமை எமது மக்கள் கண்ணுங் கருத்துமாய்ப் போற்றிவரும் உரிமைகளுள் ஒன்று. அதனைப் பேணல் வேண்டும். அதிற் கைவைக்க முனைவார் யாராயினும் அவரை எதிர்த்தல் வேண்டும். இதில் எமக்கு ஐயமேதும் இல்லை.

ஆனால், மருந்தைக் கையிற் கொடுத்துவிட்டால் மாத்திரம் அக்கடமை நிறைவேறிவிடுமா? அம்மருந்து யாது, எந்நோய்க்கு, எவ்வேளையில், எவ்வளவு, இன்னும் எத்தனை காலத்துக்கு என்பவற்றை அதனை உண்பவர் அறிய வேண்டாமா? பத்தாண்டுகளுக்கு முன் எழுதிய மருந்து இன்றைய உடலுக்கு ஏற்குமா என்பதை எழுதியவர்கள் மீண்டும் பார்க்க வேண்டாமா? இவ்வினாக்களை, இருதயத்துக்கும் குருதியமுக்கத்துக்கும் மருந்துண்ணும் முதியோரின் பொருட்டு இன்று எழுப்புகின்றோம். அரசியற் பத்திரிகைக்கும் குளிசைக்கும் யாது தொடர்பு என்று கேட்பார் இருப்பர். இறுதிவரை படிப்பாராயின் தொடர்பு விளங்கும்.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இந்நாட்டு மக்களில் நூற்றுக்கு 12.4 பேர் அறுபது வயதைக் கடந்தவர்கள். அதற்குப் பின் அத்தொகை ஏறியதேயன்றி இறங்கவில்லை. எமது பகுதிகளின் நிலை இன்னும் வேறு. போரிலே மடிந்தோரும் கடல் கடந்து சென்றோரும் போக, எஞ்சிய வீடுகள் பலவற்றில் முதியவர் இருவரோ ஒருவரோ மாத்திரமே உளர். சிட்டையைப் படித்துச் சொல்லப் பிள்ளை இல்லை. தலை சுற்றி விழுந்தால் தூக்கிவிட ஆள் இல்லை. இத்தகைய வீட்டில் மருந்துப் பை ஒன்று தொங்குகின்றது. அதற்குள் ஐந்து, ஆறு, சிலவேளை பத்து வகைக் குளிசைகள் கிடக்கின்றன.

மருந்தின் நன்மை

முதலில் ஒன்றைத் தெளிவாகக் கூறிவிடுகின்றோம். ‘பிரசர்’ என்று மக்கள் வழங்கும் உயர் குருதியமுக்கம், நோவு தராது உள்ளிருந்து கொல்லும் நோய். பாரிசவாதமும் மாரடைப்பும் இருதயத் தளர்ச்சியும் சிறுநீரகக் கேடும் அதன் வழி வருவன. “வயது போனால் அமுக்கம் ஏறுவது இயல்புதானே, கிழவருக்கு மருந்தெதற்கு?” என்று ஒருகால் மருத்துவ உலகிலேயே எண்ணியோர் இருந்தனர். அவ்வெண்ணம் தவறென்று நிறுவப்பட்டுவிட்டது.

அமெரிக்காவில் அறுபது வயதுக்கு மேற்பட்ட 4,736 பேரைக்கொண்டு நடந்த ஆய்வின் முடிபு 1991இல் வெளியாயிற்று. மேலமுக்கம் மட்டும் உயர்ந்திருந்த அம்முதியோருக்குக் குறைந்த அளவில் ஒரு சிறுநீர்பெருக்கிக் குளிசையை முதலிற் கொடுத்துத் தொடங்கினர். பாரிசவாதம் நூற்றுக்கு 36 பங்கு குறைந்தது. 2008இல் வெளியான மற்றொரு பன்னாட்டு ஆய்வு எண்பது வயதைக் கடந்த 3,845 பேரை எடுத்துக்கொண்டது. மேலமுக்கம் 160க்கு மேலிருந்த அவர்களுக்கு, 150 என்ற அளவை இலக்காக வைத்து மருந்து கொடுத்தபோது, மருந்து பெறாதாரைவிட மருந்து பெற்றாருள் மரணம் நூற்றுக்கு 21 பங்கு குறைவாயிருந்தது. இருதயத் தளர்ச்சியோ பாதிக்கு மேலாகக் குறைந்தது. ஆகவே முதுமையைக் காரணங்காட்டி மருந்தை மறுப்பது அநீதி. இக்கட்டுரையைப் படித்துவிட்டு எவரும் தம் குளிசையைத் தாமாக நிறுத்துவாராயின் அவர் எம்மைப் பிழையாக விளங்கிக்கொண்டவர் ஆவர். திடீரென நிறுத்தினால் அமுக்கத்தையும் நெஞ்சுநோவையும் சடுதியாக ஏற்றிவிடும் மருந்துகளும் உண்டு. அற்றனோலோல் போன்றவை அவ்வகையின.

மறுபக்கம்

நன்மையுள்ள பொருளுக்கே அளவு வேண்டும். அமெரிக்காவில் 9,361 பேரிடம் நடந்து 2015இல் வெளியான பேராய்வு ஒன்று, மேலமுக்கத்தை 140க்குக் கீழ் வைப்பதைவிட 120க்குக் கீழ் இறக்குதல் உயிர்காக்கும் என்று கண்டது. எழுபத்தைந்து வயதைக் கடந்தாருக்கும் அந்நன்மை கிட்டிற்று. அம்முடிபு உலகெங்கும் பரவிற்று. ஆனால் அதே ஆய்வு கண்ட வேறு சிலவும் உண்டு. அமுக்கத்தை மிக இறக்கியோரிடையே மயக்கமும், அமுக்கம் அளவுக்கு மீறித் தாழ்தலும், உப்புச்சத்துக் குலைவும், சடுதியான சிறுநீரகப் பாதிப்பும் கூடுதலாகக் காணப்பட்டன. மேலும், முதியோர் இல்லங்களில் வாழ்ந்தோரும், நீரிழிவு உள்ளோரும், முன்பு பாரிசவாதம் கண்டோரும், எழுந்து நிற்கும்போது மேலமுக்கம் 110க்குக் கீழ் இறங்குவோரும் அவ்வாய்விலே சேர்க்கப்படவே இல்லை. எமது கிளினிக் வாசலிற் காலை ஆறு மணிக்கு வந்து காத்திருக்கும் முதியோருள் இந்நால்வகையினர் எத்தனை பேர்! சேர்க்கப்படாதவர் மேல் அவ்வாய்வின் முடிபை அப்படியே ஏற்றிவிடுதல் எந்த நியாயத்தில் அடங்கும்? கட்சிக்காரர் அல்லாதார் மீது தீர்ப்பைச் செலுத்துவதை எந்த நீதிமன்றமாவது ஒப்புமா?

எல்லார்க்கும் ஓரெண் என்பது பொருந்தாது. வட்டவிதானை குளத்து மதகைத் திறக்கும்போது வானத்தைப் பார்க்கின்றார், பயிரின் பருவத்தைப் பார்க்கின்றார், வாய்க்காலின் கரை தாங்குமா என்றும் பார்க்கின்றார். சென்ற போகத்திற் திறந்த அளவையே இந்தப் போகத்திலும் கண்ணை மூடிக்கொண்டு திறப்பாராயின் வயற்காரர் சும்மா இருப்பாரா? தோட்டத்திலே துலாவுதைத்த நாளிற் பெற்ற வலிமையோடு எழுபதிலும் உழைக்கும் ஒருவருக்கும், தொண்ணூறில் உடல் மெலிந்து, சுவரைப் பிடித்து நடக்கும் ஒருவருக்கும் ஒரே இலக்கு, ஒரே மருந்து, ஒரே அளவு என்பது மருத்துவமாகாது.

முதியோர் உடலில் நிகழ்வதைச் சிறிது விளக்குவோம். இளைஞர் எழுந்து நின்றால், கால்களை நோக்கி இறங்கும் குருதியை நாடிகள் உடனே சுருங்கி மேலே தள்ளும். முதுமையில் அவ்விரைவு குன்றுகின்றது. அதன்மேல் மருந்தும் சேர்ந்தால் எழுந்த மாத்திரத்திலே அமுக்கம் விழுகின்றது, தலை சுற்றுகின்றது, மனிதரும் விழுகின்றார். இரவிற் சிறுநீர் கழிக்க எழுந்தவர் இடுப்பெலும்பு முறிந்து பாயிற் கிடப்பதை நாம் ஊர்தோறும் காண்கின்றோம். அதனை விதி என்று விட்டுவிடுகின்றோம். சிலவேளை அது விதியன்று, மருந்தின் அளவு. எழுந்து நின்ற மூன்று நிமிடங்களுக்குள் மேலமுக்கம் 20 மில்லிமீற்றரோ கீழமுக்கம் 10 மில்லிமீற்றரோ குறையுமாயின் அது கவனிக்க வேண்டிய வீழ்ச்சி என்று மருத்துவ நூல்கள் வரையறுத்துள்ளன. இதனை அறியப் பொன் வேண்டுமா, பொருள் வேண்டுமா? இருக்கச்செய்து ஒருமுறையும் நிற்கச்செய்து ஒருமுறையும் அளந்தாற் போதும். ஆயினும் நெருக்கடி மிகுந்த கிளினிக்குகளில் நிற்கச்செய்து அளப்பதைக் காண்பது அரிது. ‘பிரசோசின்’ போன்ற மருந்துகள் இவ்வீழ்ச்சியை மிகுவிப்பன என்பதால், வேறு வழியிருக்க முதியோருக்கு வழமையாக அவற்றை எழுதுதல் தகாதென அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் பட்டியல் எச்சரிக்கின்றது. அம்மருந்து எமது நாட்டினருக்குப் புதிய பெயரன்று.

உழவர் பெருமக்கள் சிறப்பாகக் கருத வேண்டியது ஒன்றுண்டு. எனலாபிரில், லொசாட்டன் என்னும் வகை மருந்துகளும் சிறுநீர்பெருக்கிக் குளிசையும் குருதியமுக்கத்துக்குப் பெரிதும் வழங்கப்படுவன. நல்ல மருந்துகளே. ஆனால் அவற்றை உண்பவர், நாரிநோவுக்கும் முழங்கால் நோவுக்குமெனக் கடையில் டைக்குளோபெனக் போன்ற நோவுக் குளிசைகளையும் வாங்கி உண்பாராயின், மூன்றும் ஒன்றுகூடிச் சிறுநீரகத்தைச் சடுதியாகக் கெடுக்கக் கூடும். வெயிலில் நின்று உடல்நீர் வற்றினாலும், வயிற்றோட்டம் கண்டாலும், நீரின்றி விரதமிருந்தாலும் அக்கேடு மிகும். வடமத்திய மாகாணத்திலும் வவுனியா முதலிய அயற்பகுதிகளிலும், காரணம் முற்றாகத் தெளியாத சிறுநீரக நோய் 1990கள் முதல் உழவரை வாட்டிவருவதை நாடறியும். அத்தகைய மண்ணிலே, சிறுநீரகத்தைச் சோதியாமல் ஆண்டுக்கணக்காக ஒரே சிட்டையைப் புதுப்பித்துக்கொண்டு போவது தகுமா? சித்திரை வெயிலிற் புகையிலைக் கன்றுக்குத் தண்ணீர் விடும் முதியவருக்கு, “வயிற்றோட்டமோ வாந்தியோ கண்டால் இக்குளிசையைப் பற்றி உடனே வந்து கேள்” என்று ஒரு வாக்கியம் சொல்லப்பட்டதா? சொல்லப்பட்டிருப்பின் அவருக்கு விளங்கிய மொழியிலா?

அஸ்பிரினின் கதையும் அறியத்தக்கது. குருதியை உறையாது காக்கும் என்பதாற் பலர் அதனை நாள்தோறும் உண்கின்றனர். மாரடைப்போ அடைப்பினால் வந்த பாரிசவாதமோ ஒருமுறை கண்டவர்க்கு அது பெரும்பாலும் தேவையான மருந்து. வைத்தியர் சொன்னபடி உண்ணல் வேண்டும். ஆனால் அவ்வாறு எதுவுங் காணாத முதியோருக்கு? 19,114 பேரை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வு, உடல்நலமுள்ள முதியோர்க்கு அதனால் வாழ்நாளும் நீளவில்லை, வலிமையும் நிலைக்கவில்லை. குருதிப் பெருக்கே கூடிற்று என்று காட்டியது. இன்று அமெரிக்காவிலே, அறுபது கடந்தார்க்கு முற்காப்பெனப் புதிதாக அஸ்பிரினைத் தொடங்க வேண்டாமென்பது அறிவுரை. முன்னர் நல்லதென்று எழுதியது பின்னர் அறிவு வளர்ந்தபோது மாற்றப்பட்டது. அறிவு மாறியது, பையிலுள்ள குளிசை மாறியதா? அதைக் கேட்பதற்கு ஒரு நாள் குறிக்கப்பட்டிருக்கின்றதா?

மீளாய்வு இல்லாத கட்டளை

நாம் இங்கு வற்புறுத்த விரும்பும் முதன்மையான கருத்து இதுவே. சட்டத்துறையில் எந்தக் கட்டளைக்கும் மேன்முறையீடு உண்டு. பராமரிப்புக் கட்டளை ஒன்றைப் பிறப்பித்த நீதவானே, நிலைமை மாறியதென்று காட்டப்படின் அதனைக் கூட்டவும் குறைக்கவும் செய்கின்றார். முதியவரின் மருந்துச் சிட்டையோ, ஒருமுறை எழுதப்பட்டாற் பிறகு சேர்ப்பதற்கு மாத்திரமே திறக்கப்படுகின்றது. நீக்குவதற்குத் திறக்கப்படுவது அரிது. அம்லோடிப்பின் உண்டமையாற் கால் வீங்குகின்றது. வீக்கம் புதிய நோயெனக் கருதப்பட்டுச் சிறுநீர்பெருக்கி சேர்க்கப்படுகின்றது. அதனால் உப்புச்சத்துக் குலைந்து தலைசுற்று வருகின்றது. தலைசுற்றுக்கு மூன்றாவது குளிசை எழுதப்படுகின்றது. முதற் குளிசையின் அளவைக் குறைத்திருந்தாலோ மாற்றியிருந்தாலோ போதுமாயிருந்த இடத்தில் மூன்று குளிசைகள்!

மருந்தைக் குறைத்தல் என்பது மருத்துவத்தைக் கைவிடுதலன்று. இங்கிலாந்தில் எண்பது கடந்த 569 பேரைக்கொண்டு 2020இல் வெளியிட்ட ஆய்வொன்றில், அமுக்கத்துக்கு இரண்டோ அதற்கு மேலோ மருந்துண்டு, மேலமுக்கம் 150க்குக் கீழிருந்தோருட் பாதிப்பேருக்கு ஒரு மருந்து வைத்தியர் மேற்பார்வையில் நிறுத்தப்பட்டது. பன்னிரண்டு வாரங்களின் பின் பார்க்கையில், குறைத்தோருள் நூற்றுக்கு 86 பேரும் குறையாதோருள் நூற்றுக்கு 88 பேரும் 150க்குக் கீழேயே இருந்தனர். அமுக்கம் சராசரியிற் சிறிது ஏறியது உண்மை. பன்னிரண்டு வாரம் குறுகிய காலம் என்பதும் உண்மை. ஆகையால் எல்லார்க்கும் குறையுங்கள் என்று நாம் கூறவில்லை. குறைக்கலாமா, கூட்டலாமா, அப்படியே விடலாமா என்று ஆண்டுக்கொருமுறையேனும் இருந்து ஆராயுங்கள் என்றே கூறுகின்றோம். ஆராய்ந்தபின் “இதே மருந்து தொடர்க” என்று தீர்ந்தால் மகிழ்ச்சி. ஆராயாமற் தொடர்வதே குற்றம்.

இதனோடு பெயர்க் குழப்பமும் சேர்கின்றது. வைத்தியசாலையில் மருந்து இல்லாதபோது பாமசியில் வேறு வணிகப் பெயரில் வாங்குகின்றனர். கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் பிள்ளைகள் அன்போடு அனுப்பும் பொதியில் மூன்றாவது பெயரில் அதே மருந்து வருகின்றது. பெயர் மூன்று, மருந்து ஒன்று என்பதை அறியாத ஆச்சி மூன்றையும் உண்கின்றார். இதற்குரிய மருந்தை இந்நாட்டவரே அரை நூற்றாண்டுக்கு முன் கண்டனர். பேராசிரியர் சேனக பிபிலேயும் வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் 1971இல் அளித்த அறிக்கையின் வழி அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றிற்று. வணிகப் பெயரை விடுத்து மருந்தின் பொதுப் பெயரால் வழங்குதல் அவர்கள் கொள்கையின் உயிர்நாடி. உலகம் பாராட்டிய அக்கொள்கையை, முதியவர் கையிலுள்ள உறைவரை கொண்டுசெல்ல இன்னும் எம்மால் முடியவில்லை.

எம்மொழியில் ஏன் இல்லை?

இனி அரசியற் பத்திரிகைக்கு இதில் யாது அலுவல் என்ற வினாவுக்கு வருவோம். மருந்துறையின் மேற் பல இடங்களில் எழுதப்படுவது ஆங்கிலம். ஆங்கிலத்திலும் இலத்தீன் வழிவந்த சுருக்கக் குறிகள். நாளொன்றுக்கு இருமுறை என்பதும் இரவில் என்பதும் இரண்டு மூன்று எழுத்துகளுள் மறைந்து கிடக்கின்றன. எழுதியவருக்கு விளங்கும், கொடுத்தவருக்கு விளங்கும், உண்பவர் ஒருவருக்கே விளங்காது! வடக்கிலும் கிழக்கிலுமாவது வாயாற் கேட்டறியலாம். மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளியும், கொழும்பிலும் தென்பகுதியிலும் வாழும் தமிழரும் கேட்டறியும் வாய்ப்பும் இல்லாது, நிறத்தையும் வடிவத்தையும் கொண்டு குளிசையை இனங்காண்கின்றனர். அடுத்த மாதம் வேறு நிறத்தில் வந்தால்?

1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் தனிச்சிங்களத்தை அரியணையேற்றியபோது, அது வேலைவாய்ப்பைப் பறிக்கும், நீதியைப் பறிக்கும் என்று எமது தலைவர்கள் எச்சரித்தனர். மொழியறியாமை நோயாளியின் உயிரையும் பறிக்கும் என்பது அன்றும் உண்மை, இன்றும் உண்மை. 1958ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் தமிழுக்கு நியாயமான இடமளிப்பதாகக் கூறிற்று. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. 1988ஆம் ஆண்டின் பதினாறாம் திருத்தம் நிருவாக மொழி பற்றிய உரிமைகளை விரித்துரைத்தது. 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவை அமைத்தது. சட்டப் புத்தகத்திற் குறைவில்லை. அரச உத்தியோகத்தரோடு தன்மொழியிற் கருமமாற்றவும் தன்மொழியில் மறுமொழி பெறவும் உரிமையுண்டென்று அரசியலமைப்பு கூறுகின்றது. குடிமகன் அரசிடமிருந்து பெறும் எழுத்துகளுள், உயிரோடு ஒட்டியது மருந்துறையின் மேலுள்ள எழுத்தன்றி வேறெது? காணி உறுதி தமிழில் இல்லையேல் வழக்குத் தோற்கலாம். மருந்துறை தமிழில் இல்லையேல் ஆளே தோற்கலாம்.

மருத்துவத்துக்குத் தமிழ் போதாது என்று எவரும் சொல்ல வேண்டாம். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயிலிருந்து பணிபுரிந்து, 1860களில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூறும் இரண வைத்தியமும் பிறவும் தமிழ் நூல்களாக அவர் முயற்சியால் வெளிவந்தன. பிறநாட்டவர் ஒருவர் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் மருத்துவம் முழுவதையும் தமிழிற் தரத் துணிந்தார். “காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பிட்டபின், குருதியமுக்கத்துக்கு” என்று எழுத இன்றைய அரசுக்கு மொழி போதவில்லையா, மனம் போதவில்லையா?

முடியாது என்பார்க்கு

வைத்தியருக்கு நேரமில்லை என்பர். மறுக்கவில்லை. 2022இன் பொருளாதார வீழ்ச்சியின் பின் வைத்தியர் பலர் நாட்டைவிட்டுச் சென்றனர். எஞ்சியோர் ஒரு காலைப்பொழுதிற் பெருந்தொகையான நோயாளரைப் பார்க்க வேண்டியிருக்கின்றது. அவர்களை நாம் குறைகூறவில்லை. பழி, அவர்களுக்குத் துணையாளரைத் தராத ஆட்சியினதே. ஏனெனில் வழி இருக்கின்றது என்பதை இந்நாட்டு மண்ணிலேயே நடந்த ஆய்வுகள் காட்டிவிட்டன. இலங்கையின் வைத்தியசாலைக் கிளினிக்குகளில் 700 பேரைக்கொண்டு நடந்து 2018இல் வெளியான ஆய்வில், மூன்று மருந்துகளைக் குறைந்த அளவிற் கலந்த ஒரே குளிசை கொடுக்கப்பட்டோருள் நூற்றுக்கு 70 பேர் ஆறு மாதத்தில் உரிய அமுக்க அளவை எய்தினர். வழமையான மருந்து பெற்றோருள் எய்தியவர் 55 பேரே. குளிசையின் எண்ணிக்கை குறைந்தும் பயன் கூடலாம் என்பதற்கு இது சான்று. ஆயினும் அவர்களின் சராசரி வயது ஐம்பத்தாறு. மெலிந்த முதியோருக்கு அதனை அப்படியே பொருத்தலாகாது. வங்காளதேசம், பாகிஸ்தான், இலங்கை ஆகிய மூன்று நாட்டுக் கிராமங்களில் 2,645 பேரிடம் நடந்து 2020இல் வெளியான மற்றோர் ஆய்வில், கிராமச் சுகாதாரப் பணியாளர் வீடு தேடிச் சென்று அமுக்கம் அளந்து அறிவுரை கூறினர். வேண்டியபோது வைத்தியரிடம் அனுப்பினர். அவ்வூர்களில் மேலமுக்கம் மற்றை ஊர்களைவிடச் சராசரி 5 மில்லிமீற்றர் கூடுதலாக இறங்கிற்று. வைத்தியரின் நேரத்தைத் தின்னாமலே பணி நடந்தது.

மருந்தை வீட்டுக்கு அனுப்ப இயலாதென்றும் கூறலாகாது. 2020இல் கொவிட் ஊரடங்கின்போது கிளினிக் மருந்துகளைத் தபாற்காரர் வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தனர். தொற்றுக் காலத்தில் முடிந்தது சாதாரண காலத்தில் முடியாதோ? எழுபத்தைந்து வயது மூதாட்டி, இரண்டு பஸ் ஏறிவந்து, பட்டினியோடு காத்திருந்து, “இம்மாதம் மருந்தில்லை, வெளியில் வாங்குங்கள்” என்று கேட்டுத் திரும்புவது எந்தச் சட்டத்தில் எழுதப்பட்ட தண்டனை? 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் வெறுங் காகிதந்தானா?

எமது கோரிக்கைகள்

ஆகவே மத்திய அரசையும், மாகாண சுகாதார நிருவாகங்களையும், எமது பாராளுமன்றப் பிரதிநிதிகளையும் நோக்கிப் பின்வருவனவற்றைக் கோருகின்றோம்.

ஒன்று: அரச வைத்தியசாலையிற் கொடுக்கப்படும் ஒவ்வொரு மருந்துறையிலும் மருந்தின் பொதுப் பெயர், அளவு, உண்ணும் வேளை, எந்நோய்க்கு என்பன நோயாளியின் மொழியில் இருத்தல் வேண்டும். எழுத்தறியாதார்க்குச் சூரியனும் சந்திரனும் வரைந்து காட்டலாம். தமிழருக்கு மாத்திரமன்று, சிங்கள உழவருக்கும் இது வேண்டும். அவரும் ஆங்கிலக் குறியை அறியார்.

இரண்டு: அமுக்கத்துக்கு மருந்துண்ணும் அறுபது கடந்தார்க்கு, இருந்தும் நின்றும் அமுக்கம் அளக்கப்படல் வேண்டும், சிறுநீரகமும் உப்புச்சத்தும் ஆண்டுக்கொருமுறையேனும் சோதிக்கப்படல் வேண்டும்.

மூன்று: எல்லாக் கிளினிக்குகளிலும் பெறும் மருந்துகள் ஒரே கொப்பியில் ஒரே பக்கத்தில் எழுதப்பட்டு, ஆண்டுக்கொருமுறை வைத்தியரும் மருந்தாளரும் அவற்றை முற்றாக மீளாய்வு செய்தல் வேண்டும். மீளாய்ந்த திகதி கொப்பியிற் பதியப்படல் வேண்டும்.

நான்கு: நோய்நிலை தளம்பாத முதியோர்க்கு இரண்டு மாத மருந்து ஒருசேர வழங்கப்படல் வேண்டும், நடக்கவியலாதார்க்குத் தபால்வழி அனுப்பப்படல் வேண்டும்.

ஐந்து: வீடு சென்று அமுக்கம் அளந்து அறிவுரை கூறத் தமிழறிந்த சுகாதாரப் பணியாளர் நியமிக்கப்படல் வேண்டும்.

கோரிக்கை விடுத்துவிட்டுக் கைகட்டி இருப்பது எமது மரபன்று. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் எம் கையில் இருக்கின்றது. உங்கள் வைத்தியசாலையில் எந்தெந்த மருந்து எத்தனை நாள் இல்லாதிருந்தது, மருந்துறை எம்மொழியில் எழுதப்படுகின்றது என்று எழுத்திற் கேளுங்கள். மறுமொழி கிடையாவிடின் மேன்முறையீடு செய்யுங்கள். மொழியுரிமை மீறப்பட்ட இடத்து அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு அனுப்புங்கள். ஆசிரியர்களே, எழுதுவினைஞர்களே, சட்டத்தரணிகளே, முறைப்பாடு எழுதத் தெரியாத உழவருக்கு அதனை எழுதிக் கொடுப்பது உங்கள் கடன்.

ஊர்தோறும் சனசமூக நிலையங்கள் இருக்கின்றன. மாதத்தில் ஒரு ஞாயிறு அங்கே கூடுங்கள். இளைப்பாறிய தாதியரும் மருந்தாளரும் ஊரில் இருப்பர், அவரை அழையுங்கள். முதியோர் தத்தம் மருந்துப் பையை முழுதாகக் கொண்டுவரட்டும். கடையில் வாங்கிய நோவுக் குளிசையும், வெளிநாட்டிலிருந்து வந்த பொதியும், நாட்டு மருந்தும் உட்பட. பெயர்களைத் தமிழில் ஒரு தாளில் எழுதுங்கள். ஒரே மருந்து இரு பெயரில் இருப்பின் அடையாளமிடுங்கள். அத்தாளை அடுத்த கிளினிக்கில் வைத்தியர் முன் வைத்து, “ஐயா, இவை யாவும் எனக்கு இன்னும் வேண்டுமா?” என்று கேட்கச் செய்யுங்கள். நிறுத்துவதும் மாற்றுவதும் வைத்தியர் வேலை; கேட்பது எமது உரிமை. நல்ல வைத்தியர் அக்கேள்வியை வெறுக்கார், வரவேற்பார்.

இம்மண்ணை உழுதும் விதைத்தும், பள்ளிகளைக் கட்டியும், போரின் கொடுமையைச் சுமந்தும் எம்மை ஆளாக்கியவர்கள் இம்முதியோர். தாம் உண்பது யாதென்று அறியாமல் அவர்கள் கைநிறையக் குளிசையை விழுங்கும் நிலை, நாம் நாணத்தக்க நிலை. சுயாட்சி கேட்கும் இனம், தன் முதியவரின் மருந்துறையில் தன் எழுத்தைக் காணும்வரை ஓயலாகாது. அடுத்த மாதக் கிளினிக்கிலிருந்தே அக்கேள்வி எழட்டும்.